எந்தக் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்கலாம்?

கிருஷ்ணகிரி_அணைக்கட்டு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியருகே சிறிது நேரம் நின்றாலே, பெங்களூருவிலிருந்து சேலம், கோவை நோக்கிச் செல்லும் விலையுயர்ந்த கார்கள் பலவற்றைப் பார்த்துவிடலாம். அவற்றில் உயரம் குறைந்ததோ ஒலி மிகுந்ததோ எதுவாயினும் அதனை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. சாதாரணக் குடும்பக் காருக்குக் கறுப்புச் சக்கரமும், இருக்கையில் சிவப்பு நூல் தையலும் சேர்த்து, பின்கதவில் ‘ஸ்போர்ட்’ என்று எழுதி விற்பதும் பெருகியிருக்கிறது. இதனை ஒருமுறை முழுமையாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்று விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு காரை வடிவமைக்கும்போது, ஓட்டுபவருக்குக் கிடைக்கும் கட்டுப்பாடும் உணர்வும் ஒரு பக்கமும், பின்னிருக்கை, டிக்கி, சொகுசு, எரிபொருள் சிக்கனம் ஆகியவை மறுபக்கமும் நின்று மோதும் தருணங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அந்தத் தருணங்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவரின் பக்கமே பொறியாளர்கள் நின்றிருந்தால் அது ஸ்போர்ட்ஸ் கார். குதிரைத்திறனும் உச்ச வேகமும் அதற்குப் பின்னால்தான் வரும்.

சான்றாக, 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, இரண்டே இருக்கைகள். எண்களில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அதன் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு) கொடுத்தார்கள். கியர்பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்தனுப்பும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் இடையில் எதுவும் முறுக்கிக்கொள்ளாமல் பின்சக்கரம் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தச் சட்டத்தை நீக்கியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும், வாங்குபவர்களில் பலர் கவனித்திருக்கவும் மாட்டார்கள். இருந்தும் அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அந்த வரிசைக் கார்களின் உற்பத்தி 2016இல் பத்து லட்சத்தைத் தாண்டியது.

தருமபுரி_நான்குரோடு எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் அதனை எதைக் கொண்டு அளப்பது? பொறியாளர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? அளவுகோல் இல்லாத விளக்கத்தை எந்த நிறுவனமும் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து வேகம் ஒன்றே நேர்மையான அளவு. லம்போர்கினி உரூஸ் என்ற உயரமான எஸ்யூவி, முதலில் வந்தபோதே 650 குதிரைத்திறனும் மணிக்கு 305 கிலோமீட்டர் உச்ச வேகமும் கொண்டிருந்தது. மின்சாரக் காரான டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்டது. நீங்கள் சொல்லும் மாஸ்டாவை நம் ஊரில் ஓடும் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்கூட நேர்ச்சாலையில் எளிதாக முந்திவிடும். முந்தப்படும் கார் ஸ்போர்ட்ஸ் கார், முந்தும் கார் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொன்னால் பொதுமக்கள் எப்படி ஏற்பார்கள்?

பாலக்கோடு_இயற்பியல் எழுதியது:

நண்பர் நான்குரோடு அளவுகோல் கேட்டது முற்றிலும் சரி. வேகத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிரேக். நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பமாக வெளியேற்ற வேண்டும். ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் அது ஏறத்தாழ 386 கிலோஜூல். 2,200 கிலோ எடையுள்ள காரில் ஏறத்தாழ 849 கிலோஜூல். ஒருமுறை நிறுத்துவதில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். அடுத்தடுத்து இருபது வளைவுகளுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது தெரியும். சூடேறிய பிரேக் என்ன செய்யும் என்பதைத் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தை அறிந்த நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சுமை ஏற்றிய லாரிகள் அங்கே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று எச்சரிக்கப்படுவதன் காரணமும் இதே வெப்பம்தான். கனமான வேகக் கார்களுக்கு மிகப் பெரிய பிரேக் தட்டுகள் பொருத்துவது இதற்காகவே; ஆனால் அந்தத் தட்டுகளும் எடையைக் கூட்டுகின்றன, கூடிய எடை இன்னும் அகலமான டயரைக் கேட்கிறது, இப்படியே அது வளர்ந்துகொண்டு போகிறது.

இரண்டாவது வளைவு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 0.7 பங்கு இருக்கும். அப்போது உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் பொறுத்தது. அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் காரின் எடையில் 21 விழுக்காடு மாறும். 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 30 விழுக்காடு மாறும். டயரின் பிடிப்பு, அதன்மீது விழும் பாரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. பாரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் கூடுதல் பிடிப்பு குறைகிறது. ஆகவே பாரம் அதிகமாக மாறும் கார், நான்கு டயர்களின் மொத்தப் பிடிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. இருக்கையைத் தரையோடு ஒட்டி வைப்பதும், எஞ்சினைத் தாழ்த்திப் பொருத்துவதும், கூரையை இறக்குவதும் தோற்றத்துக்காக மட்டுமே செய்யப்படுபவை என்று எண்ணிவிடக் கூடாது.

எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், முன்பின் பாரப் பங்கீடு, தொடர்ந்து பயன்படுத்தினாலும் தளராத பிரேக்: இவை யாவும் அளக்கக்கூடியவை. இழையைத் தொடங்கியவர் சொன்ன நோக்கம் இந்த எண்களில்தான் வெளிப்படுகிறது. நேர்ச்சாலையில் முந்துவது எஞ்சினின் ஆற்றலை மட்டுமே காட்டும்.

ஓசூர்_பட்டறை எழுதியது:

பாலக்கோடு ஐயாவின் கணக்குடன் உடன்படுகிறேன். ஆயினும் இத்தகைய விவாதங்களில் வழக்கமாக வைக்கப்படும் மூன்று நிபந்தனைகளை இங்கேயே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன்.

இரண்டு இருக்கை மட்டுமே இருக்க வேண்டும் என்பார்கள். 1963இல் பிராங்க்பர்ட்டில் அறிமுகமான போர்ஷே 911க்குப் பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள் உண்டு. அதனை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொல்லத் துணிபவர் யாருமில்லை.

பின்சக்கர இயக்கம் கட்டாயம் என்பார்கள். 1989இல் வந்த லோட்டஸ் எலான் முன்சக்கர இயக்கம் கொண்டது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரையே தன் அடையாளமாகக் கொண்ட நிறுவனத்தின் தயாரிப்பு அது. மறுபுறம் நம் அம்பாசடர் பின்சக்கரத்தால் இயங்கியது. நாம் பள்ளிக்குச் சென்ற மாருதி ஆம்னி வேனில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது, இயக்கம் பின்சக்கரங்களுக்குச் சென்றது. அமைப்பை மட்டும் பார்த்தால், முன், பின் அச்சுகளுக்கு இடையில் எஞ்சினை வைக்கும் நடுப்பகுதி எஞ்சின் முறைக்கு மிக நெருங்கிய ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாட்டினால் மிச்சமான இடம் முழுவதும் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் போயிற்று.

பெரிய எஞ்சின் வேண்டும் என்பது மூன்றாவது. 1991இல் சுஸுகி வெளியிட்ட கப்புச்சினோ என்ற சிறிய காரில் இருந்தது 657 சி.சி. டர்போ எஞ்சின். நம் மாருதி 800இன் எஞ்சினும் அதுவும் ஒரே எஃப் வரிசையைச் சேர்ந்தவை. அதே ஆண்டில் வந்த ஹோண்டா பீட் 656 சி.சி. எஞ்சினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தது. ஜப்பானின் சிறுகார் வரம்புக்கு உட்பட்டு இரண்டுமே 64 குதிரைத்திறன் கொண்டவை. இரண்டும் ஐயமின்றி ஸ்போர்ட்ஸ் கார்கள்.

தேன்கனிக்கோட்டை_வாசகி எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு சான்றை இன்னும் யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1960களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற காரைத் தயாரித்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. என் தாத்தாவின் வீட்டில் ஒன்று இருந்தது, அதில் முழுக் குடும்பமும் கோயிலுக்குப் போய் வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே டிரையம்ப் நிறுவனம் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவரும் மிச்செலோட்டியே. அதன் அடித்தளமாக அமைந்தது ஹெரால்டின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம்.

அப்படியானால் குடும்பக் காருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இடையில் அவர்கள் எதை மாற்றினார்கள்? முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 2,324 மில்லிமீட்டரிலிருந்து 2,108 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். பின்னிருக்கையை நீக்கினார்கள். சேஸிஸின் பக்கவாட்டு நீட்சிகளை அகற்றி, அந்த வலிமையைக் கதவுக்குக் கீழுள்ள பாகத்துக்கு மாற்றினார்கள். எஞ்சின் 1,147 சி.சி., 63 குதிரைத்திறன். இன்றைய சிறிய காரின் ஆற்றலுக்குக்கூட அது ஈடாகாது. இருந்தும் அந்தக் காலத்தில் எளிய வருமானம் உள்ளவர்களும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காராக அது பல ஆண்டுகள் நிலைத்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்ஸிலும் (சக்கரம் தன் அச்சுத்தண்டோடு சேர்ந்து சாய்ந்தாடும் அமைப்பு) ஸ்பிட்ஃபயருக்கு அப்படியே வந்தது. வேகமாக வளையும்போது நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, பிடிப்பு திடீரென்று போய்விடும் தன்மை அந்த அமைப்புக்கு உண்டு. 1970இல்தான் அதனை ஓரளவு சரிசெய்தார்கள். ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சாலையில் குறையின்றி நிற்கும் கார் என்று பொருள் கொள்ள முடியாது. எந்த நோக்கத்துக்காக அது வடிவம் பெற்றது என்பதும், அந்த நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கான விடையை வைத்துத்தான் வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தருமபுரி_நான்குரோடு எழுதியது:

அம்மா, ஹெரால்டைப் பற்றி இவ்வளவு விவரம் இதுவரை நான் படித்ததில்லை, நன்றி. இருப்பினும் என் கேள்வி முழுமையாகத் தீரவில்லை. 911இன் பின்னிருக்கையை ஏற்கிறோம், எலானின் முன்சக்கர இயக்கத்தை ஏற்கிறோம், 64 குதிரைத்திறனையும் ஏற்கிறோம். அப்படியென்றால் ஆக்டேவியா ஆர்எஸ்ஸை எந்த அடிப்படையில் விலக்குகிறோம்? ஃபோர்டு மஸ்டாங்கை என்ன செய்வது? மின்சாரக் கார்கள் எடையின் காரணமாகவே முற்றிலும் வெளியே நிற்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி_அணைக்கட்டு எழுதியது:

மூன்றும் நியாயமான கேள்விகள்.

ஆக்டேவியா ஆர்எஸ் மிகச் சிறந்த கார். ஆனால் ஐந்து பேரும், சுமார் 600 லிட்டர் சாமானும் செல்ல வேண்டும் என்ற தேவையிலிருந்து தொடங்கிய வடிவம் அது. வேகம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ தொடங்கி வைத்த மரபு இது. வேகமான குடும்பக் கார் என்று சொன்னால் அதன் மதிப்பு சிறிதும் குறையாது. அந்த வகை தனியாகவே போற்றத்தக்கது, அதற்கு இன்னொரு வகையின் பெயரை இரவல் வாங்க வேண்டிய தேவையில்லை.

மஸ்டாங் 1964இல் ஃபோர்டின் சாதாரணக் குடும்பக் காரான ஃபால்கனின் பாகங்களைக் கொண்டு உருவானது. ஸ்பிட்ஃபயரும் குடும்பக் காரிலிருந்தே வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். வேறுபாடு என்னவென்றால், ஃபோர்டு நான்கு இருக்கைகளையும் விட்டுக்கொடுக்கவில்லை, டிக்கியையும் விட்டுக்கொடுக்கவில்லை. நீண்ட முன்பகுதியும் குறுகிய பின்பகுதியும் கொண்ட தோற்றத்தை நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் குறிக்கோள். அதற்கு எதிர்த்திசையில் செவ்ரோலே கார்வெட்டைச் சொல்லலாம். 1953இல் வந்தபோது அது இரண்டு இருக்கைகளும் கண்ணாடியிழை உடலும் கொண்டிருந்தது, ஆனால் உள்ளே ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே வேகங்கள் கொண்ட தானியங்கிக் கியரும்தான் இருந்தன. தோற்றம் முந்தி வந்தது, உள்ளடக்கம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. முதல் ஆண்டுக் கார்வெட்டை நான் தயக்கத்துடனேயே இந்த வகையில் சேர்ப்பேன்.

மின்சாரக் கார்களை விலக்க வேண்டியதில்லை. 2008இல் டெஸ்லா விற்கத் தொடங்கிய முதல் கார் ரோட்ஸ்டர். அது லோட்டஸ் எலிஸின் அலுமினியச் சேஸிஸை அடிப்படையாகக் கொண்டது. 1996இல் வந்த எலிஸ் ஏறத்தாழ 725 கிலோ எடையுள்ளது. மின்கலத்துடன் ரோட்ஸ்டர் ஏறத்தாழ 1,300 கிலோவுக்கு வந்தது. எடை கூடியது ஓர் இழப்புதான். ஆனாலும் இரண்டு இருக்கை, தாழ்ந்த ஈர்ப்பு மையம், ஓட்டுபவரை மையமாகக் கொண்ட வடிவம் ஆகியவற்றால் அது ஸ்போர்ட்ஸ் காரே. பிளெய்டு ஐந்து பேர் செல்லும் செடான். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையுடன் அது காட்டும் முடுக்கம் வியப்புக்குரியது, வகை வேறு.

பென்னாகரம்_வாசி எழுதியது:

இந்த விவாதம் நம் சாலைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் இறக்கத்திலும் அஞ்செட்டிச் சாலையிலும் வளைவுகள் நெருக்கமாக வருகின்றன, காட்டுப்பகுதியில் யானைகள் சாலையைக் கடக்கின்றன. அங்கே 650 குதிரைத்திறனுக்கு எந்தப் பயனும் இல்லை. பெரிய கார் வைத்திருப்போர் சிலர் அதன் ஆற்றலை உணர்வதற்காகவே நேரான பகுதிகளில் ஆபத்தான வேகத்தை எட்டுகிறார்கள், ஏனெனில் நாற்பதிலும் ஐம்பதிலும் அந்தக் கார் அவர்களுக்கு எந்த உணர்வையும் தருவதில்லை. எடை குறைந்த, நேர்மையான ஸ்டீயரிங் உள்ள சிறிய கார் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கைக்குச் சொல்லிவிடும். ஸ்போர்ட்ஸ் காரின் அடையாளம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே அது ஓட்டுபவருக்கு நிறைவைத் தர வேண்டும். காரின் எல்லையைத் தேட விரும்புவோர் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்துக்கோ, கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீடுவேக்கோ செல்லட்டும்.

ஓசூர்_பட்டறை எழுதியது:

பென்னாகரம் அண்ணன் சொன்னதை இரு சக்கர வாகனத்தில் நம் மாவட்டம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர், ஜி 310 ஜிஎஸ், டிவிஎஸ்ஸின் சொந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆகிய மூன்றிலும் அடிப்படையில் ஒரே 313 சி.சி. எஞ்சின், கிட்டத்தட்ட ஒரே ஆற்றல். ஒன்று நகரச் சாலைக்கு, ஒன்று கரடுமுரடான பாதைக்கு, ஒன்று குனிந்து அமர்ந்து வளைவுகளில் ஓட்டுவதற்கு. மூன்றையும் ஓட்டிய எவரும் எஞ்சின் ஒன்றுதானே என்று வாதிட மாட்டார்கள். கைப்பிடியின் உயரமும், சஸ்பென்ஷனின் நீளமும், அமரும் நிலையும் சேர்ந்தே அவற்றின் வகையைத் தீர்மானித்தன.

தேன்கனிக்கோட்டை_வாசகி எழுதியது:

அரசு ஆவணங்களில் இதற்கு விடை கிடைக்குமா என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். கிடைக்காது. பதிவுச் சான்றிதழில் எல்லாமே ‘மோட்டார் கார்’தான். வரிவிதிப்பில் சிறிய கார் என்ற சலுகை, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோல் எனில் 1,200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்கு மட்டும் உண்டு. இப்போதைய எம்எக்ஸ்-5 காரின் நீளம் 3,915 மில்லிமீட்டர். நீளத்தில் அது சிறிய கார். ஆனால் அதன் சிறிய எஞ்சினே 1.5 லிட்டர் என்பதால் சலுகைக்கு வெளியே போய்விடும். நம் விதிகள் இடத்தையும் எஞ்சினின் கொள்ளளவையும் அளக்கின்றன, எடையை அளப்பதில்லை. நம் நாட்டில் எளிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேரூன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தருமபுரி_நான்குரோடு எழுதியது:

வேரூன்றாமல் போனது என்று அம்மா சொன்னதும் சான் ஸ்டார்ம் நினைவுக்கு வருகிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று 1990களின் இறுதியில் வெளியிட்ட இரண்டு இருக்கைக் கார் அது. ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம், கண்ணாடியிழை உடல். என் முந்தைய அளவுகோலின்படி அதனை ஒதுக்கியிருப்பேன். இந்த இழையின் வாதங்களின்படி அதனைச் சேர்க்க வேண்டும் அல்லவா? என் தம்பி அப்படி ஒன்றைப் பழைய கார் சந்தையில் தேடிக்கொண்டிருக்கிறான்.

கிருஷ்ணகிரி_அணைக்கட்டு எழுதியது:

நிச்சயமாகச் சேர்க்க வேண்டும். பின்னிருக்கையையும் நிலையான கூரையையும் துறந்து, நம் நாட்டுச் சந்தையில் ஓட்டும் இன்பத்துக்காக மட்டுமே ஒரு காரை விற்க முயன்றார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தம்பி வாங்கும் முன் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ராயக்கோட்டைச் சாலை போன்ற வளைவுகள் உள்ள பாதையில், அமைதியான நேரத்தில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டட்டும். ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பியதும் முன்பக்கம் உடனே திரும்புகிறதா, வளைவின் நடுவில் மேடு வந்தால் கார் தன் பாதையிலேயே நிற்கிறதா, பிரேக்கை நான்கைந்து முறை அடுத்தடுத்து அழுத்திய பின்னும் பெடல் அதே உயரத்தில் பிடிக்கிறதா என்று கவனிக்கட்டும். கண்ணாடியிழை உடலில் கதவுக் கீல்களைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும், அந்த உடல் சேஸிஸோடு பிணையும் இடங்களில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பட்டறைக்காரர் ஒருவரை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஓசூர்_பட்டறை எழுதியது:

ஓசூர்ப் பக்கம் கொண்டுவந்தால் நானே காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன். வரும் முன் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

தருமபுரி_நான்குரோடு எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. தம்பியிடம் சொல்லிவிட்டேன், கார் கிடைத்ததும் அதன் எடையை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து இதே இழையில் பதிவிடுகிறோம்.